மிஸ்ஸியைக் கேளுங்கள்: மாத்திரையே தொடாதவருக்கு மருந்துக்குக் கேட்காத காசநோயா?

இந்த இதழில் காசநோய் பற்றி வந்த கடிதங்கள் மட்டும். பலதுறை மருந்தகத்தில் காசநோய் உள்ளவர்களுக்குக் கண்ணெதிரே மாத்திரை கொடுக்கும் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்ற தாதி பதில் எழுதுகிறார்.

ஈசூனிலிருந்து ஒரு வாசகி: மிஸ்ஸி, என் கணவருக்கு 41 வயது. விடாத இருமல், எடையும் குறைந்தது. காசநோய் என்றார்கள். சளிப் பரிசோதனையில் ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கேட்காத கிருமி என்றும் சொல்லிவிட்டார்கள். அவருக்கு இதற்குமுன் காசநோய் வந்ததே இல்லை. என் அண்ணனோ, “மாத்திரையைப் பாதியில விட்டவங்களுக்குத்தானே இது வரும்? கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்ததை மறைச்சுட்டாரு” என்கிறார். புதிதாக நோய் கண்டவருக்கு இப்படி வருமா? எத்தனை பேருக்கு வருகிறது?

தங்கச்சி, இந்தப் பதிலை உங்கள் அண்ணனுக்கே படித்துக் காட்டுங்கள். அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு உங்கள் கணவர் எதையோ மறைத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. முன்பு நோயே வராதவருக்கும் இது வரும். ஒரு மாத்திரைகூட விழுங்காதவருக்கும் வரும்.

உலகம் முழுவதும் எடுத்துக்கொண்டால், புதிதாகக் காசநோய் கண்டவர்களில் ஏறக்குறைய 100-க்கு 3 பேருக்கு ரிஃபாம்பிசினுக்குக் கேட்காத கிருமி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு மதிப்பீடு 3.2 விழுக்காடு. முன்பு ஒருமுறை சிகிச்சை எடுத்தவர்களில் அது 16 விழுக்காடு. 2015 வாக்கில் புதியவர்களில் 4 விழுக்காட்டை ஒட்டியும், பழையவர்களில் நான்கில் ஒருவர் என்ற அளவிலும் இருந்தது. ஆக, குறைந்துகொண்டுதான் வருகிறது. ஊருக்கு ஊர் இது மாறும். ரஷ்யா, பெலருஸ் பக்கம் புதிய நோயாளிகளிலேயே நான்கில் ஒருவருக்கு மேல். அங்கே முதல்முறை இருமிக்கொண்டு வருகிறவருக்கே இந்தக் கிருமி இருக்கும் என்று நினைத்துத்தான் மருத்துவர் தொடங்க வேண்டும். இந்தியாவில் 2014 முதல் 2016 வரை தேசிய அளவில் எடுத்த கணக்கெடுப்பில், ரிஃபாம்பிசின், அதோடு சேர்த்துக் கொடுக்கும் இன்னொரு முக்கிய மருந்தான ஐசோனியாசிட் இரண்டுக்குமே கேட்காத நோய் புதியவர்களில் 2.84 விழுக்காடு, முன்பு சிகிச்சை எடுத்தவர்களில் 11.62 விழுக்காடு. சிங்கப்பூரில் இந்த வகை அரிது. 2023இல் குடிமக்கள், நிரந்தரவாசிகள் இடையே புதிதாகக் கண்டறியப்பட்ட காசநோய் 1,215. அதில் மிகச் சிலருக்குத்தான் இந்த வகை.

அரிது என்பதால்தான் உங்கள் கணவர் மேல் சந்தேகம் விழுகிறது. யாருக்கும் வராதது இவருக்கு மட்டும் ஏன் என்று கேட்கிறார்கள். ஆனால் இந்தக் கிருமி ஒருவர் நெஞ்சுக்குள் வர இரண்டு வழி உண்டு.

முதல் வழி, அவர் உடலிலேயே உருவாவது. நுரையீரலில் காசநோய் குடைந்த ஓட்டை ஒன்றில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றில் ஐசோனியாசிடுக்கு மசியாதது இயற்கையாகவே பத்து லட்சத்தில் ஒன்று இருக்கும். ரிஃபாம்பிசினுக்கு மசியாதது பத்துக் கோடியில் ஒன்று. ஒரே கிருமி இரண்டுக்கும் மசியாமல் இருப்பது கோடி கோடியில்கூட அரிது. அதனால்தான் ஒரு மருந்தை மட்டும் கொடுக்காமல் நான்கைச் சேர்த்துக் கொடுக்கிறோம். மருந்து குறைந்தாலோ, நடுவில் நின்றாலோ, நான்கில் ஒன்று மட்டும் உள்ளே போனாலோ, பயிரை அறுத்துக் களையை விட்டுவைத்த கதைதான். மசியாத கிருமி மட்டும் மிஞ்சிப் பெருகும். உங்கள் அண்ணனுக்குத் தெரிந்தது இந்த வழி மட்டும்.

இதில்கூட நோயாளியைக் குற்றவாளி ஆக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எடைக்குக் குறைவான அளவில் எழுதிக்கொடுத்த மருத்துவர் உண்டு. மருந்து தீர்ந்துபோய் “அடுத்த வாரம் வாங்க” என்று திருப்பி அனுப்பிய கிராமத்து மருத்துவமனை உண்டு. இரவு வேலை முடிந்து வரும்போது மருந்தகம் திறந்திருக்காது. வயிற்றைப் புரட்டி வாந்தி எடுப்பவரிடம், “அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு.

இரண்டாவது வழி காற்று. முதல் வழியில் ஒருவர் உடலில் உருவான கிருமி, அவர் இருமும்போது வெளியே வந்து, பக்கத்தில் இருப்பவர் மூச்சில் போகிறது. அப்படிப் போகும்போது மசியாத குணத்தோடுதான் போகும். வாங்கியவர் வாழ்நாளில் ஒரு மாத்திரையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. புதிதாக நோய் கண்டவரிடம் இந்த வகை தெரிந்தால், பெரும்பாலும் இப்படி வந்ததுதான்.

நம் ஊரிலேயே எல்லாரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2016 ஜூன் மாதத்தில் அங் மோ கியோ அவென்யூ 3, புளோக் 203 பற்றிச் சுகாதார அமைச்சு அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த ஒரே புளோக்கில் 2012 முதல் 2016 வரை ஆறு பேருக்குப் பல மருந்துக்குக் கேட்காத காசநோய். பரிசோதித்தபோது கிருமிகள் மரபணு அளவில் ஒத்திருந்தன. ஆறு பேரும் தனித்தனியாக மாத்திரையைத் தவறவிட்டு, தற்செயலாக ஒரே கிருமியை வளர்த்துக்கொண்டார்கள் என்று நம்ப முடியுமா? ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போயிருக்கிறது. குடியிருப்பாளர்களை எல்லாம் அழைத்து இலவசமாகப் பரிசோதனை செய்தார்கள். “யார் மாத்திரையை விட்டது?” என்று கதவு தட்டிக் கேட்கவில்லை. “வேறு யாருக்குப் போயிருக்கிறது?” என்பதுதான் அங்கே கேள்வி.

உங்கள் வீட்டிலும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும். உங்கள் கணவருக்கு எந்த அறையில், எந்த ஆண்டு ஒட்டியது என்று பெரும்பாலும் பிடிபடாது. இந்தக் கிருமி உள்ளே போய் ஓசையில்லாமல் பல ஆண்டு கிடக்கும். நீங்கள், பிள்ளைகள், ஒரே அறையில் நீண்ட நேரம் அவரோடு வேலை செய்பவர்கள் எல்லாரும் பரிசோதனைக்குப் போக வேண்டும். காசநோய் மையத்திலிருந்து அழைப்பு வந்தால் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் அண்ணனும் அடிக்கடி வீட்டுக்கு வருகிறவர் என்றால், அவர் பேரையும் கொடுங்கள்.

செங்காங்கிலிருந்து, கணிதம் கற்பிக்கும் ஒருவர்: பழைய நோயாளிகளில் 16 விழுக்காடு, புதியவர்களில் 3 மட்டும். அப்படியானால் மருந்து எதிர்ப்புப் பரிசோதனையைப் பழைய நோயாளிகளுக்கு மட்டும் செய்தால் போதாதா? செலவும் மிச்சமாகுமே.

நல்ல கேள்வி சார். பல நாடுகள் நெடுங்காலம் அப்படித்தான் செய்தன. அதனால் இழந்தது கொஞ்சநஞ்சம் அல்ல.

விழுக்காட்டை விட்டுவிட்டுத் தலையை எண்ணிப் பாருங்கள். கணக்குக்காக 1,000 காசநோயாளிகளை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 850 பேர் புதியவர்கள், 150 பேர் முன்பு சிகிச்சை எடுத்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்தியக் கணக்கெடுப்பின் விகிதத்தைப் போட்டால், புதியவர்களில் 24 பேர், பழையவர்களில் 17 பேர். சின்ன விகிதம் பெரிய கூட்டத்தில் விழும்போது தலை எண்ணிக்கை கூடிவிடுகிறது. பழையவர்களை மட்டும் பரிசோதித்தால் பாதிக்கு மேல் ஆட்கள் கைநழுவிப் போவார்கள்.

போனவர்கள் கதி என்ன? வழக்கமான நான்கு மருந்தை மாதக்கணக்கில் விழுங்குவார்கள். இருமல் நிற்காது. அந்த மாதங்கள் முழுவதும் வீட்டில் இருப்பவர்களுக்குக் கிருமி போய்க்கொண்டிருக்கும். கடைசியில், “சிகிச்சை பலிக்கவில்லை” என்று எழுதி, அதே மருந்துகளோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியைச் சேர்த்துக் கொடுப்பார்கள். தோற்றுப்போன மருந்துக் கூட்டத்தோடு புதிதாக ஒரே ஒரு மருந்தைச் சேர்ப்பதைவிட ஆபத்து வேறில்லை. அதையும் கிருமி பழகிக்கொள்ளும். அந்த முறையைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2017இல்தான். இதை எழுதும்போதே எனக்கு மனம் ஆறவில்லை.

முன்பு இதற்கு ஒரு சாக்கு இருந்தது. சளியில் உள்ள கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து (இதுதான் வளர்ப்புப் பரிசோதனை), எந்த மருந்துக்கு மசிகிறது என்று பார்க்க வாரக்கணக்கில் ஆகும். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் எக்ஸ்பர்ட் என்ற மூலக்கூறுப் பரிசோதனையைப் பரிந்துரைத்தது. சளியைக் குப்பியில் போட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு பதில் வரும். காசநோய்க் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்குக் கேட்குமா. இப்போது இந்த மாதிரிப் பரிசோதனைதான் முதல் பரிசோதனையாக இருக்க வேண்டும், முதல் மாத்திரைக்கு முன்னால். புதியவர், பழையவர் என்ற பேதம் கூடாது.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ரிஃபாம்பிசினுக்குக் கேட்கும் என்று வந்ததோடு எல்லாம் சரி என்று விட்டுவிடக் கூடாது. அதே இந்தியக் கணக்கெடுப்பில் புதியவர்களில் 11 விழுக்காட்டினருக்கு ஐசோனியாசிட் கேட்கவில்லை. ஏதாவது ஒரு மருந்துக்காவது கேட்காதவர்கள் 22 விழுக்காட்டுக்கு மேல். ஐந்தில் ஒருவர்! அதனால் வளர்ப்புப் பரிசோதனை முடிவு வரும்வரை கோப்பை மூடிவைக்கக் கூடாது. வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடந்தால், “வளர்ப்பு ரிசல்ட் வந்துடுச்சா டாக்டர், எல்லா மருந்துக்கும் கேட்குதா?” என்று நீங்களே கேளுங்கள்.

எந்த இயந்திரமானாலும் நீங்கள் கொடுக்கும் சளியை வைத்துத்தான் பதில் சொல்லும். நிறையப் பேர் கோப்பையில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தெளிவாக, நுரையாக இருந்தால் அது எச்சில். காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள். மூன்றாவது மூச்சில் அடிநெஞ்சிலிருந்து இருமுங்கள். கெட்டியாக, மஞ்சளோ வெள்ளையோ, ஒரு தேக்கரண்டி அளவு வந்தால் போதும். சன்னலைத் திறந்துவைத்து, வேறு யாரும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

துவாஸ் தங்குவிடுதியிலிருந்து ஒரு தம்பி: எனக்குப் புதுக்கோட்டைப் பக்கம். ஊரில் இருந்தபோது காசநோய் வந்து தனியார் டாக்டரிடம் மாத்திரை சாப்பிட்டேன். நாலு மாதத்தில் உடம்பு தேறியதும் விட்டுவிட்டேன். இங்கே வந்து எக்ஸ்ரே எல்லாம் பாஸ். இப்போது ராத்திரியில் வேர்க்கிறது, இருமல் வருகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த சளி மருந்து சாப்பிட்டால் கொஞ்சம் அடங்குகிறது. சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

தம்பி, பயப்படுவது இயல்பு. வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் மனசில் ஓடும். அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் நாளைக்கே மருத்துவரிடம் போங்கள். முன்பு சிகிச்சை எடுத்தவர்களில் 16 விழுக்காட்டினருக்கு மருந்துக்குக் கேட்காத கிருமி என்றேனே, நீங்கள் அந்த முன்பு சிகிச்சை எடுத்தவர்கள் கூட்டத்தில் இருக்கிறீர்கள். உங்களைச் சுற்றிப் படுத்திருக்கும் கூட்டாளிகளுக்கு இது போனால், அவர்கள் ‘புதிய நோயாளி’ ஆகிவிடுவார்கள். மேலே ஈசூன் தங்கச்சியின் கணவருக்கு நடந்தது அவர்களுக்கும் நடக்கும்.

போனதும் முதல் வார்த்தையாக, “எனக்கு முன்னாடி காசநோய் வந்துச்சு, நாலு மாசம் மாத்திரை சாப்பிட்டேன்” என்று சொல்லுங்கள். மருத்துவர் உங்களைத் திட்டினாலும் சொல்லுங்கள். அந்த ஒரு வரி தெரிந்தால் பரிசோதனையை வேறுமாதிரி செய்வார்கள். மறைத்தால் வழக்கமான நான்கு மருந்தில் தொடங்குவதற்கு வாய்ப்பிருக்கிறது. ஊருக்கு ஃபோன் போட்டு, பழைய மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டை, எக்ஸ்ரே எது கிடைத்தாலும் அம்மாவையோ தம்பியையோ படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்தியாவில் காசநோயாளிகளைப் பதிவு செய்யும் நிக்ஷய் என்ற முறை இருக்கிறது. தனியார் மருத்துவர் பதிவு செய்திருந்தால் அதில் உங்களுக்கு ஓர் எண் இருக்கும். பேர் எதுவும் நினைவில்லை என்றால் நிறத்தைச் சொல்லுங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதா? போனால் அதில் ரிஃபாம்பிசின் இருந்திருக்கிறது.

அந்தச் சளி மருந்தை உடனே நிறுத்துங்கள். அட்டையில் லெவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இந்தக் குடும்பத்து மருந்துகள் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும், ஒழிக்காது. இருமல் குறைந்ததால் நோய் இல்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். நோய் உள்ளே வளரும். அதைவிட மோசம், மருந்துக்குக் கேட்காத காசநோய்க்கு நாளை தேவைப்படும் ஆயுதமே இவைதான். அதைச் சளிக்கு வீணாக்கக் கூடாது. அட்டையைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதலாளியிடம் நேரே போகத் தயக்கம் என்றால், வெளிநாட்டு ஊழியர்களுக்காகவே மருந்தகம் நடத்தும் ஹெல்த்சர்வ் போன்ற இடம் இருக்கிறது. அங்கே முதலில் பேசுங்கள். காசநோய் என்று தெரிந்தால் மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். உங்களைப் பிடித்துக் கொடுப்பதற்கென்று நினைக்காதீர்கள். உங்கள் அறைக் கூட்டாளிகளைத் தேடிப் பரிசோதிக்க அதுதான் வழி. அதுவரை முகக்கவசம் போடுங்கள், சன்னல் பக்கம் படுங்கள்.

தோ பாயோவிலிருந்து ஒரு பாட்டி: என் மருமகளுக்குக் காசநோய். அவளுக்குத் தட்டு, டம்ளர் தனியாக வைத்திருக்கிறேன். சரிதானே?

வேண்டாம் அம்மா. தட்டிலும் டம்ளரிலும் துணியிலும் இது ஒட்டாது. ஒரே காற்றைப் பல மணி நேரம் சுவாசிப்பதால்தான் வரும். அவளுக்குத் தனித்தட்டு வைப்பதால் நோய் குறையாது, மனசுதான் குறுகிப்போகும். சன்னலைத் திறந்து வையுங்கள், மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள். போதும்.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கினார்கள். நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் வைத்தும், மற்றவர்களைத் தங்கள் ஏழைவீட்டிலேயே, நெருக்கடியான அறைகளிலேயே வைத்தும் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. பரவ வேண்டியது சிகிச்சைக்கு முன்பே பரவியிருந்தது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். உங்கள் மருமகளுக்கு மருந்துக்குக் கேட்காத வகை என்றால் மட்டும், சரியான மருந்து தொடங்கி, இனி பரவாது என்று மருத்துவர் சொல்லும்வரை தனி அறையில் படுக்கட்டும். அப்போதும் தட்டு ஒன்றுதான்.

பூன் லேயிலிருந்து ஒரு வாசகர்: தஞ்சாவூரில் என் தங்கைக்குப் பத்து வருஷத்துக்கு முன் இந்த மருந்துக்குக் கேட்காத காசநோய் வந்தது. இரண்டு வருஷம் மருந்து, பல மாதம் ஊசி. காது மந்தமாகிவிட்டது. இப்போது அவள் மகனுக்கும் வந்திருக்கிறது. ஆறே மாதம், வெறும் மாத்திரை என்கிறார்களாம். நம்பலாமா?

நம்பலாம் அண்ணே. உங்கள் தங்கை பட்டது பெரும்பாடு. கானமைசின் போன்ற ஊசிகள் காது நரம்பைக் கெடுப்பது தெரிந்தே போட்டார்கள். அப்போது கையில் இருந்தது அவ்வளவுதான். அப்படியும் பலர் பிழைக்கவில்லை.

2012 டிசம்பரில் பெடாக்குவிலின் என்ற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. காசநோய்க்கென்று புதுவிதமாக வேலை செய்யும் மருந்து பல பத்தாண்டுகள் கழித்து அப்போதுதான் வந்தது. 2019இல் பிரிட்டோமனிட் வந்தது. இவ்விரண்டோடு லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் சேர்த்து நான்கையும் ஆறு மாதம் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஏற்றது. இந்தியச் சுகாதார அமைச்சு 2024 செப்டம்பரில் அனுமதித்தது. ஊசி கிடையாது. இந்த முறையைச் சோதித்த ஆய்வில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு நல்ல முடிவு வந்தது.

ஆறு மாதம் என்றால் லேசானது என்று உங்கள் மருமகப்பிள்ளை எண்ணிவிடக் கூடாது. லினசோலிட் கால்விரலில் மரத்துப்போதல், எரிச்சலில் தொடங்கும். ரத்த அணுக்களைக் குறைக்கும், பார்வையையும் மங்கவைக்கும். “காலில் ஊசி குத்துற மாதிரி இருக்கு” என்று அவன் சொன்ன அன்றே மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அளவைக் குறைத்துச் சமாளிக்க முடியும். தானாக நிறுத்தினால்தான் வம்பு. பெடாக்குவிலின் இதயத் துடிப்பின் தாளத்தை மாற்றக்கூடும் என்பதால் ஈசிஜி எடுத்துக்கொண்டே இருப்பார்கள். நெஞ்சு படபடப்பு, தலைச்சுற்றல் என்றால் மறைக்கக் கூடாது. பெடாக்குவிலின் உடம்பில் மாதக்கணக்கில் தங்கும் மருந்து. நடுவில் எல்லாவற்றையும் விட்டால், மற்ற மருந்துகள் சீக்கிரம் வெளியேறிவிடும், இது மட்டும் தனியாகக் கிருமியோடு மிச்சமிருக்கும். ஒற்றை மருந்தின் ஆபத்தை மேலே சொன்னேன். பெடாக்குவிலினுக்கும் கேட்காத கிருமி உலகில் ஏற்கெனவே தலைகாட்டிவிட்டது. அதை வளரவிடக் கூடாது.

கண்ணெதிரே மாத்திரை விழுங்கவைப்பது அவமானம் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். எங்கள் மருந்தகத்துக்கு ஒருவர் வருவார், துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுபவர். இரவு வேலை முடிந்து நேரே வந்து, வெளியே பெஞ்சில் பொட்டலம் கட்டிய பராட்டாவில் பாதியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். வெறும் வயிற்றில் அவருக்குக் குமட்டும். சின்னக் கோப்பையில் மாத்திரைகளைக் கொட்டி, ஒவ்வொன்றாக விழுங்கி, நான் கேட்பதற்கு முன்பே நாக்கைத் தூக்கிக் காட்டுவார். அந்த ஐந்து நிமிடத்தில் கண் மஞ்சளாக இருக்கிறதா, சட்டை தொளதொளவென்று ஆகியிருக்கிறதா என்று நான் பார்த்துவிடுவேன். ஒரு நாள் பச்சை விளக்கு மங்கலாகத் தெரிகிறது என்றார். எத்தாம்பியூட்டால் என்ற மருந்து கண் நரம்பைத் தொடும். அன்றே அதை நிறுத்தவைத்தோம், பார்வை தப்பியது. வீட்டில் தனியாக விழுங்கியிருந்தால் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்துக் கடைக்குப் போயிருப்பார். தஞ்சாவூரிலும் பிள்ளைக்குத் தினமும் மாத்திரை கொடுக்க ஓர் ஆள் வேண்டும். உங்கள் தங்கையே அதற்கு ஏற்றவர். அந்த நோயின் வலி அவருக்குத் தெரியும்.

மீண்டும் ஈசூன் வாசகி (இரண்டாவது கடிதம்): பிள்ளைகள் இருவருக்கும் பிறந்தவுடன் பிசிஜி போட்டாயிற்று. கையில் தழும்பு இருக்கிறது. அவர்களுக்கும் பரிசோதனை தேவையா?

தேவை. பிசிஜி தடுப்பூசி சின்னக் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வராமல் காக்கும். வளர்ந்தபின் நுரையீரல் காசநோயைத் தடுக்க அதை நம்பியிருக்க முடியாது. கிருமி மருந்துக்குக் கேட்பதா, கேட்காததா என்ற வேறுபாடும் அதற்கு இல்லை.

பிள்ளைகளுக்கு நோய் இல்லை, கிருமி மட்டும் உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்தால், வழக்கமாகக் கொடுக்கும் ஐசோனியாசிட் இந்த வகைக்குப் பெரும்பாலும் உதவாது. அதற்கும் இப்போது வழி வந்திருக்கிறது. வியட்நாமிலும் தென்னாப்பிரிக்காவிலும், இந்த வகை நோயாளிகளின் வீட்டாருக்கு ஆறு மாதம் தினமும் லெவோஃப்ளாக்சசின் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு ஆய்வையும் சேர்த்துப் பார்த்தபோது, நோய் வருவது 60 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. 2024இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. உங்கள் கணவரின் கிருமி அந்த மருந்துக்குக் கேட்கிறதா என்பதைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று மருத்துவர் முடிவெடுப்பார். அதனால் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது உங்கள் கணவரின் பரிசோதனை முடிவுகளையும் எடுத்துப் போங்கள். முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் அதோடு விடாதீர்கள். உள்ளே போன கிருமி நோயாக மாறுவது முதல் இரண்டு ஆண்டுகளில்தான் அதிகம். அதுவரை மருத்துவர் சொல்லும் தேதிக்கெல்லாம் போய்வாருங்கள்.